எவ்ஜென் மலினாவின் பெயரில்

பிர்னோ, 14 நவம்பர் 1976

அன்புள்ள ரதோமில்,

இந்தக் கடிதத்தை பஸ் ஓட்டும் ஹவ்லாட் உன் கையில் நேரடியாகக் கொடுப்பார். தபாலிலும் ஒன்று வரும். அதில் மழையைப் பற்றியும் என் மூட்டுவலியைப் பற்றியும் மட்டும்தான் எழுதியிருக்கிறேன். பிரித்துப் படிக்கிறவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது, அதற்காக.

புத்தகம் இரண்டாம் பதிப்புக்குப் போகிறதாம். பதிப்பகத்தார் கைகுலுக்கினார்கள். என் உள்ளங்கை வியர்த்துக் கொட்டியது. நேற்று நூலகத்தில் வாசிக்கச் சொன்னார்கள், உட்கார இடமில்லாமல் ஜனங்கள் ஜன்னலில் ஏறி நின்றார்கள். நீ எழுதியதை என்னுடையதாக நினைத்துக்கொண்டு அத்தனை பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடம் செய்த ஆந்தை பள்ளி ஆய்வாளரின் தலையில் விழுகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, அந்த ஆந்தையின் லத்தீன் பெயரைச் சொன்னேன். தெரிந்துகொள்ளட்டுமே என்றுதான் சொன்னேன். அதற்குத்தான் இருப்பதிலேயே பெரிய சிரிப்பு. ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

முடிந்ததும் ஒரு அம்மாள் என் மனைவியிடம் வந்து, "உங்க வீட்ல எந்நேரமும் ஒரே சிரிப்பா இருக்குமே" என்றாள். "ஆமாங்க, தாங்க முடியல" என்று இவள் சொன்னாள்.

அன்றைக்குப் பள்ளியில் ஆசிரியர்களான நம்மை வரிசையாக உட்கார வைத்து, ரஷ்யப் படைகள் நம் நாட்டுக்குள் வந்ததை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டார்களே, நாங்கள் எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினோம். நீ மட்டும், "வர்றதுக்கு முன்னாடி என்னை யாரும் கேக்கல. வந்தப்புறம் கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?" என்றாய். அந்த ஒரு வாய்த்துடுக்கு உன் வேலையைக் கொண்டுபோயிற்று, நீ எழுதிய எதையும் உன் பெயரில் அச்சிடக்கூடாது என்றாக்கியது. இரவல் பெயர் கொடுத்ததற்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால் எனக்கு இந்த மேடை ஒத்துவரவில்லை, ரதோமில்.

உன் எவ்ஜென்

ஹோர்னி ப்ரோத், 28 நவம்பர் 1976

நாடறிந்த நகைச்சுவை எழுத்தாளர் எவ்ஜென் மலினா அவர்களுக்கு, மருத்துவமனைச் சலவைக்கூடத்து பாய்லர் அறையிலிருந்து ஒரு ரசிகன் எழுதிக்கொள்வது:

லத்தீன் பெயரை இனி எல்லாக் கூட்டத்திலும் சொல். அது நான் எழுதியதைவிட நன்றாக இருக்கிறது. பொறாமையில்தான் சொல்கிறேன்.

என்னோடு கரி அள்ளுகிற பெய்ஷெக் உன் புத்தகத்தை வாங்கி வந்திருக்கிறான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கே வாசித்துக் காட்டினான். "இந்த மலினா யாரோ தெரியலய்யா, ஆனா நம்மள மாதிரி அடிபட்டவன். அடிபடாதவனுக்கு இப்படி வராது" என்றான். நான் ரொட்டியை மென்றுகொண்டு தலையாட்டினேன். கழிப்பறைக் காகிதத்துக்கு ஆசிரியர்கள் வரிசையில் நிற்கும் காட்சியைக் காணோமே என்று பார்த்தேன். நாட்டில் காகிதத் தட்டுப்பாடே இல்லாததால் வரிசையும் இருக்க முடியாது என்று தணிக்கைக்காரர்கள் எடுத்துவிட்டார்களாமே. ஆந்தை மேற்குப் பக்கம் பார்த்ததும் பிடிக்காமல் கரும்பலகை பக்கம் திருப்பிவிட்டார்களாம். உயிரோடிருக்கும் ஆந்தைகள் பாடு தேவலை.

மகள் ரெனாதாவும் படித்தாள். சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து நழுவிவிட்டாள். "எவ்ஜென் மாமாவா இப்படி எழுதினாரு? அவரு ஒரு தடவகூட சிரிச்சு நான் பாத்ததில்லயே" என்றாள். அவள் அம்மா போன பிறகு அவள் அப்படிச் சிரித்ததே கிடையாது. அது நான்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அவளுக்குப் பதினாலு முடிந்துவிட்டது. வசந்தத்தில் மேல்நிலைப் பள்ளிக்கு மனுப் போட வேண்டும். கணக்கில் அவளைப் போல ஒரு பிள்ளையை நான் வாத்தியாராக இருந்த காலம் முழுக்கப் பார்த்ததில்லை. இந்த ஊரில் என்னைப் போன்றவர்களின் பிள்ளைகளை நூல் ஆலைக்குத்தான் அனுப்புகிறார்கள். எனக்கு வேறெதுவும் வேண்டாம், எவ்ஜென். என் பெயர் போகட்டும், நான் சாகிறவரை கரி அள்ளுகிறேன். அவளுக்கு அந்த இடம் கிடைக்க வேண்டும்.

ரதோமில்

பிர்னோ, 30 ஜனவரி 1977

ரதோமில்,

உனக்கு மூளை இருக்கிறதா? வெளிநாட்டு வானொலியில், மனித உரிமை கேட்டு அரசுக்கு எழுதிய அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்களின் பெயரை வாசித்தார்கள். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். உன் பெயர் வந்ததும் கத்தியைக் கீழே போட்டுவிட்டேன். மகள் மனுப் போடுகிற வருஷத்திலா உனக்கு இந்த வேலை? கரி அள்ளுகிறேன் என்று எழுதினாயே, இனி அவளையும் சேர்த்து அள்ள வைக்கப் போகிறாய்.

இதோடு முடியவில்லை. கட்சியின் மாவட்டச் செயலாளர் ஷிமாக் வியாழக்கிழமை பள்ளிக்கே வந்துவிட்டார். தலைமையாசிரியரை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தோழர் மலினா, உங்களுக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருக்காரே. பாய்லர்காரர்."

"தெரியும். ஒண்ணா வேலை பாத்தோம்."

"அப்ப வசதியாப் போச்சு. வாரப் பத்திரிகைக்கு அவரைப் பத்தி ரெண்டு பக்கம் வேணும். ஆந்தையை எழுதுன அதே கையால."

உடம்பு சரியில்லை என்றேன். "ஆந்தையை எழுதுனப்ப நல்லாத்தானே இருந்தீங்க?" என்று சிரித்தார். ஆந்தை எழுதுகிறவனுக்கு இரண்டு பக்கம் ஏன் வரவில்லை என்று அவர் யோசிக்க ஆரம்பித்தால் நாம் இரண்டு பேரும் தீர்ந்தோம். அதனால் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன், அந்த ஆளுக்கு ஒரு பெண் இருக்கிறாள், படிப்பில் கெட்டி, அவள் என்ன செய்வாள் என்று. "எதிரியோட பொண்ணு மேல்நிலைப் பள்ளிக்குப் போக முடியாது. கோமாளியோட பொண்ணு போகலாம். அவரை எதுவாக் காட்டுறதுங்கிறது உங்க கையில இருக்கு" என்றார்.

என் கையில் எதுவும் இல்லை என்பது உனக்குத் தெரியும். உன்னிடம்தான் இருக்கிறது. உன்னைப் பற்றி நீயே எழுது என்று கேட்க வாய் கூசுகிறது. கேட்கிறேன்.

எவ்ஜென்

ஹோர்னி ப்ரோத், 6 பிப்ரவரி 1977

எவ்ஜென்,

முடியாது.

ஏன் போட்டேன் என்று கேட்டாய். பக்கத்துத் தெருக்காரர் தாளை நீட்டினார். வேலை போனதிலிருந்து நான் எழுதியது எதற்கும் அடியில் என் பெயர் இல்லை. எல்லாவற்றுக்கும் கீழே மலினா, மலினா, மலினா. கை அரித்தது, போட்டேன். 'ரதோமில் ஷெபெஸ்தா, ஆசிரியர்' என்று எழுதினேன். பாய்லர்காரன் என்று எழுதவில்லை. அந்த நிமிஷம் ரெனாதா என் ஞாபகத்தில் இல்லை. இதற்கு மேல் நீ என்னைத் திட்ட வேண்டியதில்லை, நானே திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் இது மட்டும் என்னால் ஆகாது. உன் பெயர்தானே, நீயே எழுது.

ர.

பிர்னோ, 20 பிப்ரவரி 1977

அன்புள்ள ரதோமில்,

எழுதிப் பார்த்தேன். பத்து நாள் முயன்றதன் பலன் இது:

"ஷெபெஸ்தா என்பவர் நடுத்தர உயரம் உடையவர். அவர் சோம்பேறி. அவர் தாள்களில் கையெழுத்திடுகிறார். சோம்பேறிகள் தாள்களில் கையெழுத்திடுவதைக் கண்டால் நாம் நகைக்க வேண்டும்."

மனைவியிடம் காட்டினேன். அவள் அழுதுவிட்டாள். இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஷிமாக் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

மனுக்களை மார்ச்சில் எடுக்கிறார்கள். உன் மகளுக்காக நான் பொய் சொல்வேன், ஊரெல்லாம் திட்டு வாங்குவேன், காட்டிக்கொடுத்தவன் என்ற பெயரோடு கல்லறைக்குப் போவேன். நம் கூட்டாளிகள் இனி என்னோடு ஒரு மேசையில் உட்கார மாட்டார்கள், அதையும் யோசித்துவிட்டேன். ஆனால் ஒரு ஆளைச் சிரிக்க வைக்க மட்டும் எனக்கு வராது. அதைக் கடவுள் எனக்குக் கொடுக்கவில்லை. கெஞ்சுகிறேன்.

எவ்ஜென்

ஹோர்னி ப்ரோத், 1 மார்ச் 1977

அடேய் எவ்ஜென்,

என் மேல் காறித் துப்புவதென்றாலும் அதற்கொரு லட்சணம் வேண்டாமா? 'நாம் நகைக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறாயே, உன்னை என்ன செய்தால் தகும்? அந்தத் தாளைப் படித்தபோது வந்த கோபத்தில்தான் உட்கார்ந்தேன். திருத்தலாம் என்று ஆரம்பித்தேன். ஒரு வரிகூடத் தேறவில்லை, முழுசாக வேறு எழுதிவிட்டேன். ஹவ்லாட்டிடம் இருக்கிறது, உன் கையெழுத்தில் படியெடுத்துக்கொண்டு இதைக் கொளுத்திவிடு.

நடுவில் ஒரு இடம் இப்படி வரும்:

"பாய்லர்காரர் எதிலும் கையெழுத்துப் போடுவார். சலவைக்காரி போர்வைக் கணக்கை நீட்டினால்கூட, 'இது யாருடைய விடுதலைக்காக?' என்று கேட்டுவிட்டுத்தான் போடுவார். சரித்திரத்தின் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்க்க விரலை நனைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போவார். அவர் திரும்பி வருவதற்குள் பாய்லர் அணைந்திருக்கும். அன்றைக்குக் குடல்வால் நோயாளிகள் எல்லோரும் ஈரப் போர்வையில் படுத்து விடுதலையை அனுபவிப்பார்கள். காலையில் அவர் கரி மண்வெட்டிகளை வரிசையாக நிறுத்தி வருகைப் பதிவு எடுப்பார். எல்லா மண்வெட்டிகளும் வந்திருக்கும். அவருடைய வகுப்பில் ஒழுங்காக வருகிறவை அவை மட்டுமே."

மண்வெட்டி விஷயம் நிஜம். எடுக்கிறேன், பழைய பிள்ளைகளின் பெயரைச் சொல்லி. வகுப்பு இல்லாமல் என்னால் காலைப் பொழுதை ஆரம்பிக்க முடிவதில்லை. ரெனாதாவுக்கு மட்டும்தான் தெரியும். அதை எழுதியிருக்க வேண்டாம், ஆனால் அந்த இடத்துக்கு அதுதான் வேண்டியிருந்தது.

எழுதும்போது நான் சிரித்தேன், எவ்ஜென். சத்தமாகவே சிரித்தேன். அதை நினைத்தால்தான் என் மூஞ்சியில் நானே முழிக்க முடியவில்லை.

ரதோமில்

பிர்னோ, 27 மார்ச் 1977

அன்புள்ள ரதோமில்,

வந்துவிட்டது. பார்த்திருப்பாய். ஷிமாக் தொலைபேசியில் சிரித்த சிரிப்பில் பாதிப் பேச்சு எனக்குக் கேட்கவே இல்லை. "பாவம்யா அந்த ஆளு, அவனால யாருக்கு என்ன ஆபத்து?" என்றார். நாம் எதிர்பார்த்த வார்த்தை அதுதான். டிராமில் இரண்டு பேர் அதைப் படித்துக்கொண்டே இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டைவிட்டார்கள். நம் கூட்டாளிகளில் ஒருவரும் என் வணக்கத்துக்குப் பதில் சொல்வதில்லை. நேற்று வாசலில் யாரோ அழுகின முட்டைக்கோஸைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மனைவி கூட்டித் தள்ளினாள்.

இப்போது முக்கியமானது. ஏப்ரலில் பிள்ளையை நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். இந்தக் கட்டுரையைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். ரெனாதாவிடம் உண்மையைச் சொல்லிவிடு. அவள் லேசாகச் சிரித்துவைத்தால் போதும்.

எவ்ஜென்

ஹோர்னி ப்ரோத், 3 ஏப்ரல் 1977

எவ்ஜென்,

பாய்லர் அறைக் கதவில் கட்டுரையை யாரோ ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். நான் உள்ளே போனால், "வாத்தியாரே, மண்வெட்டியெல்லாம் வந்தாச்சா?" என்று கேட்கிறார்கள். பெய்ஷெக் மட்டும் கேட்பதில்லை. மலினாவின் புத்தகத்தை அடுப்பில் போட்டுவிட்டு, "இவனைப் போய் நம்மாளுன்னு நெனச்சேனே" என்றான். என் முதல் புத்தகம் எரிவதை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ரெனாதா கட்டுரையை ஒரே மூச்சில் படித்தாள். முகத்தில் ஈயாடவில்லை. "மண்வெட்டி விஷயம் மாமாவுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் சொன்னீங்களா?" என்றாள். ஆமாம், நம்பிச் சொன்னேன் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவளிடம் உண்மையைச் சொல்ல மாட்டேன். அவளுக்குப் பொய் வராது. சின்னப் பொய் சொன்னால்கூடக் கழுத்துவரை சிவந்துவிடுவாள். விஷயம் அவளுக்குத் தெரிந்தால் அந்தக் குழுவில் உட்கார்ந்திருக்கிற எவனும் இரண்டே கேள்வியில் அதை வெளியே எடுத்துவிடுவான். பிறகு நீயும் நானும் உள்ளே, அவள் அநாதை. எதைக் கேட்டாலும் 'எனக்குத் தெரியாது' என்று மட்டும் சொல் என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். கெட்டிக்காரப் பெண், பிடித்துக்கொள்வாள்.

ரதோமில்

பிர்னோ, 24 ஏப்ரல் 1977

ரதோமில்,

நேர்முகம் முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஹவ்லாட்டைக் கேட்டால் நீ பஸ் நிலையத்துக்கே வருவதில்லை என்கிறார். ஷிமாக்கும் என் தொலைபேசியை எடுப்பதில்லை. என்ன ஆயிற்று என்று இரண்டே சொல் எழுது.

எவ்ஜென்

ஹோர்னி ப்ரோத், 15 மே 1977

அன்புள்ள எவ்ஜென்,

ஷிமாக் வாக்குத் தவறவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ அந்த ஆளைச் சபித்துக்கொண்டிருக்காதே. குழுவினர் நன்றாகத்தான் நடந்துகொண்டார்கள். கணக்கு கேட்டார்கள். அவள் போட்ட வேகத்தைப் பார்த்து ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாராம். பிறகு தலைவியம்மாள் பத்திரிகையை அவள் முன்னால் வைத்தாள். மீதியை ரெனாதா சொன்னபடியே எழுதுகிறேன்.

"படிச்சியாம்மா இதை?"

"படிச்சேன்."

"சிரிப்பு வந்துச்சா?"

"வரல."

"சும்மா சொல்லும்மா, பயப்படாத. ஊரே சிரிச்சுதே."

"ஊருக்கு அவர் அப்பா இல்லையே."

அந்த அம்மாள் விடவில்லையாம். நல்ல மனசு போலிருக்கிறது. இதிலே உன் அப்பாவைத் தப்பா ஒண்ணும் எழுதலையே, கொஞ்சம் அசட்டுத்தனமான மனுஷன்னுதானே எழுதியிருக்கு, அதை ஒத்துக்கிட்டாப் போதும் என்று எடுத்துக் கொடுத்திருக்கிறாள். வேலையை அவ்வளவு சுலபமாக்கி வைத்திருந்தோம், நீயும் நானும் ஷிமாக்கும். ஒரு தலையசைப்பு போதும். 'தெரியாது' என்று நான் சொல்லிக்கொடுத்தது அவள் ஞாபகத்தில் இருந்திருக்கிறது. வேண்டுமென்றேதான் சொல்லவில்லையாம்.

"எங்க அப்பா அசடு இல்ல. இதை எழுதுன ஆளு எங்க வீட்ல உக்காந்து சாப்பிட்டுட்டு, நம்பிச் சொன்னதை வித்துட்டான். அவனைப் பாத்து நீங்க சிரிங்க" என்றாளாம். இதைச் சொல்லும்போது அவள் கழுத்து சிவக்கவே இல்லை, எவ்ஜென்.

செப்டம்பரிலிருந்து நூல் ஆலையில் பழகுநர். தாள் வந்துவிட்டது.

நேர்முகம் முடிந்து அவள் வீட்டுக்கு ஓடி வந்த வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஜெயித்துவிட்டு வருகிறவள் மாதிரி வந்தாள். மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "நான் செஞ்சது சரிதானேப்பா?" என்று கேட்டாள். நீ பலி கொடுத்தது வீண், அதை எழுதினவன் நான்தான் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எந்த அப்பனால் முடியும்? சரிதான் என்றேன். ரொம்பச் சரி என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். நீ சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று மட்டும் தயவுசெய்து எழுதாதே.

உன்னோடு இனிப் பேசக்கூடாது, கடிதம் போடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். செய்து கொடுத்துவிட்டேன். என் ஒருவனுக்காக நீ ஊரெல்லாம் காட்டிக்கொடுத்தவன் ஆனாய், இப்போது என் வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டாய். அதை மாற்ற எனக்கு வழி தெரியவில்லை. உன் மனைவியிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள். ஹவ்லாட்டிடம் இதுதான் கடைசி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாரிடம் சொல்வேன். போன ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் மாவு உருண்டை வேகவைத்துக்கொண்டே, "நீங்க ஏன்பா எழுதுறதை விட்டுட்டீங்க? உங்க பேர்லயே எழுதுங்க. யாரும் போடலேன்னா என்ன, நான் படிக்கிறேன்" என்றாள். எத்தனை வருஷமாக அந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன். அன்றைக்கே உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். தலைப்புக்குக் கீழே ரதோமில் ஷெபெஸ்தா என்று போட்டேன். எழுத்து நன்றாக வந்திருந்தது, எனக்கே தெரிந்தது. நேற்று சாயங்காலம் அவளிடம் கொடுத்தேன்.

முதல் பக்கத்தில் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. இரண்டாம் பக்கத்தில் அது நின்றுவிட்டது. மூன்றாவதை அவள் புரட்டவில்லை. தாள்களை அடுக்கி, என் மனசு நோகக்கூடாதென்று மெதுவாக என் பக்கம் தள்ளிவைத்தாள்.

"வேணாம்ப்பா," என்றாள். "அந்த ஆள் எழுதுற மாதிரியே இருக்கு."

ரதோமில்